கடைசல் கற்போர் எந்தப் பத்திரிகையைப் படிப்பது?

கடைசல் தொழில் நமக்குப் புதியதன்று. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை வைத்து விளையாடியவர்கள் இவ்வாசகர்களிலும் பலர் இருப்பர். கட்டிற்காலும் பம்பரமும் கடைசற்காரரின் கைவேலையே. தந்தையின் அருகில் அமர்ந்து மகன் கற்றுக்கொண்ட நாளில் இத்தொழிலுக்கு ஏடு தேவைப்படவில்லை. இன்றோ, தொழிற் பரம்பரை இல்லாத இளைஞர்களும் மின்சாரத்தால் ஓடும் சிறு கடைசல் இயந்திரத்தை வாங்கி, கிண்ணமும் கைப்பிடியும் கடைய முற்படுகின்றனர். ஆசான் அருகில் இல்லாதவிடத்துப் பத்திரிகையே ஆசானாகின்றது. ஆதலின் எதைப் படிப்பது என்பது அற்ப விஷயமன்று.

எங்கள் வட்டாரத்து இளைஞர் ஒருவர், வண்ணப் படங்கள் நிறைந்த அயல்நாட்டு இதழ்கள் சிலவற்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினார். அவற்றுள் ஒன்றில், 4 அங்குல விட்டமுள்ள சிமிழொன்றை நிமிடத்திற்கு 2,000 சுற்று வேகத்தில் கடைவது பற்றி எழுதியிருந்தது. அவர் அதே வேகத்தில் 12 அங்குல மாம்பலகையைச் சுழலவிட்டார். பலகை பிடியிலிருந்து கழன்று அவருடைய தாடையைத் தாக்கிற்று. இரண்டு மாதம் அவர் வேலை செய்ய இயலவில்லை.

கட்டுரையில் பிழை யாதுமில்லை; அது விஷயம் அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. கிண்ணம் போன்றவற்றைக் கடைவோர் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதனை நிமிடச் சுற்றுக்களால் பெருக்கினால் வரும் தொகை 6,000-க்கும் 9,000-க்கும் இடையே இருத்தல் வேண்டும். 4 அங்குலத்திற்கு 2,000 சுற்று என்றால் 8,000, பொருந்துகிறது. 12 அங்குலத்திற்கோ அது 24,000 ஆகிவிடுகிறது! அப்பலகைக்கு 500 முதல் 750 சுற்றே தகும். சமன்படாத கரட்டுக் கட்டையாயின் இன்னும் குறைத்தே தொடங்கவேண்டும். இவ்விளைஞர் இப்பொழுது இக்கணக்கைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

எனவே, ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்ததும் படங்களைப் பாராமல், செய்முறைக் கட்டுரையொன்றை முழுதும் படித்துப் பாருங்கள். மரத்தை எவ்வாறு பிடிப்பது, எந்த உளி, உளியைத் தாங்கும் சட்டம் எவ்வளவு உயரத்தில் இருப்பது, எந்த வேகம் என்பன சொல்லப்பட்டுள்ளனவா? முகக் காப்பும் தூசு மூடியும் நினைவூட்டப்பட்டுள்ளனவா? இவை இல்லாத இதழ் எவ்வளவு அழகாயினும் தொடக்கக்காரருக்கு உதவாது. அடுத்து, அவ்விதழில் உள்ள பொருள்களுள் எத்தனையை நம்மிடம் இப்போதுள்ள உளிகளைக் கொண்டே செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு கூடத் தேறவில்லையாயின் சந்தா கட்டுவதை ஒத்திப்போடலாம். புதிய கருவிகளைப் புகழும் பக்கங்களே மிகுந்த இதழ், கற்பிப்பதைக் காட்டிலும் நம் பணப்பையையே நாடுகிறது என்பது என் கருத்து.

பெயர் பெற்ற இதழ்கள் ஆங்கிலத்தில் உள்ளன. 1975-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ தச்சுவேலை முழுவதற்கும் உரியது; கடைசல் அதில் ஒரு பகுதியே. இங்கிலாந்தில் 1990-இல் தொடங்கிய ‘உட்டர்னிங்’ கடைசலுக்கென்றே அமைந்தது. 1986-இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கடைசற்காரர் சங்கம் ‘அமெரிக்கன் உட்டர்னர்’ என்னும் இதழை வெளியிடுகிறது. சங்கத்தில் சேர்வோர் பழைய இதழ்களையும் இணையத்தில் படிக்கலாம், தபாற்செலவு இல்லை. எனினும் அதில் கலைஞர்களுக்கான கட்டுரைகள் பல. முதலாண்டில் அவற்றைக் கண்ணால் கண்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நலம். உண்மையில், எந்த இதழுக்கும் முன்னர் முறையான பாடநூல் ஒன்றை முடித்தல் வேண்டும். கீத் ரௌலி எழுதி 1990-இல் வெளிவந்த அடிப்படைப் பயிற்சி நூல் அதற்கு ஏற்றது.

மரத்தின் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அவர்கள் மேப்பிள், பீச், ஆஷ் என்று எழுதுவர். நம்மிடம் உள்ளவை வேம்பு, பூவரசு, மா. சென்னபட்டணத்திலும் ஏடிகொப்பாக்காவிலும் பொம்மை கடையப் பயன்படும் வெட்பாலை நம் காடுகளிலும் வளர்வதே. அம்பாசமுத்திரத்திற்கு மஞ்சள் கடம்பு. ஒரு மரத்தைப் பற்றி அந்நிய இதழில் தேடுவோர் அதன் தாவரவியற் பெயரைக் கொண்டே தேடுக. ஊர்ப் பெயர் ஏமாற்றும். மெருகிடுதலிலும் அவ்விதழ்களில் எண்ணெயும் மெழுகுமே பெரிதும் பேசப்படும். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திப் பூசி, தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்கும் நம் முறையை ஊர்ப் பெரியவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு சொல். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, நம் ஊர் வீட்டுவரியுடன் நூலக வரியும் வசூலாகிறது. ஊரில் கடைசல் கற்போர் நால்வர் இருப்பின், ஒவ்வொருவரும் தனித்தனியே சந்தா கட்டுவானேன்? இதழின் பெயரையும் படிக்க விரும்புவோர் எண்ணிக்கையையும் குறித்து, கிளை நூலகர் வாயிலாக மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்கு விண்ணப்பம் எழுதலாம். ஆங்கிலம் தடையாயின் பள்ளி ஆசிரியரை வாரம் ஒரு மாலை படித்துச் சொல்லும்படி கேட்டு, அளவுகளையும் வேகங்களையும் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி நூலகத்திலேயே வைக்கலாம். அங்குலத்தை மாற்றி எழுதுவோர், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் எனக் கொள்க.