பூநாரையும் நெடுவில்லையும்

பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியில், மாரி ஓய்ந்த ஒரு விடியற்காலையிலே நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். அண்மையில் ஆழமற்ற பரவைக்கடல், அதற்கப்பால் சேற்றுநிலம், சேற்றுக்கும் வானுக்கும் இடையே வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு கோடு. சற்று உற்று நோக்கினால் அக்கோடு அசைவது தெரியும். அதுவே பூநாரைக் கூட்டம்.

போர்க்காலத்தில் இப்பாதையிலே கமராவும் கையுமாக நிற்க எவர் துணிவார்? 2010ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டதை அடுத்து வந்த மாரியிலேதான் நான் முதன்முதலாக அங்கு நின்றேன். என்னிடம் இருந்தது ‘பென்ராக்ஸ் கே1000’ என்னும் பழைய படச்சுருட் கமரா. அதிலே வழக்கமான 50 மில்லிமீற்றர் வில்லை. சுருளைக் கழுவிப் பார்த்தபோது வானம் இருந்தது, கடல் இருந்தது, மின்கம்பிகூட இருந்தது. பூநாரைகள் இருக்கவேண்டிய இடத்தில் தூசி படிந்தாற்போலச் சில புள்ளிகளே இருந்தன.

இதிலே வியப்பில்லை. பௌதிகம் பயிலும் மாணவர் ஒரு நொடியில் கணக்கிட்டுவிடுவர். பொருளின் உயரத்தை வில்லையின் குவியத்தூரத்தாற் பெருக்கி, இடைத்தூரத்தால் வகுத்தால் படச்சுருளில் விழும் உருவத்தின் உயரம் கிடைக்கும். பூநாரையின் உயரம் ஏறத்தாழ 1.3 மீற்றர், இடைத்தூரம் 200 மீற்றர் என்போம். 50 மி.மீ. வில்லையில் உருவம் மூன்றில் ஒரு மில்லிமீற்றரே. 300 மி.மீ. வில்லையில் அது 2 மில்லிமீற்றராகும்; 500 மி.மீ. வில்லையில் மூன்றேகால். சுருளிலே ஒரு படத்தின் உயரம் 24 மில்லிமீற்றர் என்பதை நினைவிற்கொண்டால், நெடுவில்லைக்கு ஏன் இத்தனை ஏக்கம் என்பது விளங்கும்.

வில்லை எட்டாவிடிற் கால் எட்டலாமே என்று நானும் எண்ணியதுண்டு. நண்பரிடம் 200 மி.மீ. வில்லையொன்றை இரவல் வாங்கிக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் இறங்கி நடந்தேன். தூரம் பாதியாகக் குறையுமுன்னரே குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அடுத்த கணம் கூட்டம் முழுவதும் நீரின்மீது ஓடி எழுந்து பறந்துவிட்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், அதுகள் இரை தின்னக் குனிஞ்சா அரைநாளும் குனிஞ்சபடிதான் நிக்குங்கள். நீங்கள் எழுப்பி விட்டிட்டியள். இனி எப்ப இறங்குமோ, ஆருக்குத் தெரியும்?” என்றார்.

அவர் சொன்னது முழுதும் உண்மை. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்து, சேற்று நீரை வடித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்கிறது. பெரிய உடலை அவ்வாறு நிரப்பிக்கொள்ள நெடுநேரம் வேண்டும். நினைத்தவுடன் எழும்பவும் அதனால் இயலாது; நீரின்மேல் ஓடித்தான் எழவேண்டும். ஒரு படத்துக்காக நான் கலைத்தது ஒரு கூட்டத்தின் காலையுணவை. படமோ பின்புறங்களும் கால்களுமாக இருந்தது! இப்பரப்பின் ஒரு பகுதி வங்காலைச் சரணாலயமாக 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது.

ஆகவே தேடல் தொடங்கியது. புதிய நெடுவில்லையின் விலையைக் கேட்டால் ஆசிரியரின் சம்பளம் நாணித் தலைகவிழும். கொழும்பிலே ஒரு கடையில் ருஷ்ய நாட்டு 500 மி.மீ. ஆடிவில்லை அகப்பட்டது. மாக்சுதோவ் என்னும் அறிஞர் 1941இல் தொலைகாட்டிக்கென வகுத்த முறையில் அமைந்தது அது. உட்புகும் ஒளி இரண்டு ஆடிகளிற் பட்டு முன்னும் பின்னுமாகத் திரும்புவதால், நெடிய குழாய் கைக்கடக்கமாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்திற் பிடித்தபோதுதான் உள்ளே சிலந்தி வலைபோற் பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் கண்டேன். அதைத் துப்புரவாக்கிய பின்னரும் குறை தீரவில்லை. இவ்வகை வில்லையில் ஒளித்துவாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது; விடியற்காலை வெளிச்சம் அதற்குப் போதாது. மேலும், குவியத்துக்கு வெளியேயுள்ள ஒளிப்புள்ளிகளை அது வளையங்களாக்கிவிடும். மன்னார்ப் பரவையிலோ நீரெங்கும் மினுக்கம். என் பூநாரைகள் நூறு வளையல்களுக்கிடையே நின்றன!

மனம் சோர்ந்த அந்நாட்களில் ஆறுதலளித்தவர் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996). தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றி இடையறாது எழுதியவர். யானைகளையும் காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையிற் படம்பிடித்த அவருடைய கமரா எந்தக் கடையிலும் வாங்கியதன்று. ஒரு கமராவின் உடல், வேறொன்றின் நெடுவில்லை, இன்னும் பல உறுப்புகள் ஆகியவற்றைத் தாமே பொருத்திக்கொண்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘சூப்பர் பொண்டெரோசா’. ஈ. பி. ஜீ என்னும் இயற்கையாளர் 1964இல் வெளியிட்ட நூலில் இக்கருவியை நகைச்சுவையோடு வருணித்திருக்கிறார். அவ்வொட்டுக் கருவி தந்த படங்களைக் கண்டவர் நகைக்கமாட்டார்.

நானும் ஒட்டுவேலைக்குத் துணிந்தேன். பழைய ‘தக்குமார்’ 300 மி.மீ. வில்லையொன்றை ஒரு வளையத்தின் துணையால் இக்காலத்து எண்ணிமக் கமராவிற் பொருத்தினேன். இவ்வகைக் கமராவின் உணரி படச்சுருளிலும் சிறியது. உயரம் 16 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதே 2 மில்லிமீற்றர் உருவம், படத்தின் பன்னிரண்டில் ஒரு பங்காக இருந்தது எட்டில் ஒரு பங்காகத் தோன்றும். பறவை வளரவில்லை, சட்டம் சிறுத்தது, அவ்வளவே.

ஆயினும் எந்த வில்லையாலும் வெல்ல முடியாத எதிரி ஒன்றுண்டு. வெயில் ஏறியதும் சேற்றுநிலத்துக்கு மேலே காற்றுச் சூடாகி நெளியத் தொடங்கும். நெடுவில்லை அந்த நெளிவையும் சேர்த்தே பெருப்பிக்கும். ஆதலால் வெயில் முறுகுமுன் வேலையை முடித்துக்கொள்கிறேன். மோட்டார் வண்டியைத் தெருவோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பிலே பயற்றுப் பையொன்றை வைத்து, அதன்மேல் வில்லையைக் கிடத்துவேன். வண்டியைக் கண்டு பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. மனிதன் இறங்கினாற்றான் அச்சம்.

இப்போது ஒவ்வோராண்டும் அதே இடத்திலிருந்து, அதே வில்லையால் எடுத்து, திகதியைக் குறித்து வைக்கிறேன். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ நிலையம் 2020இல் திறக்கப்பட்ட பின்னர், பறவைகளின் வான்வழி பற்றி ஊரிலே பேச்சு மிகுந்துள்ளது. பேச்சுக்குத் திகதியிட்ட படம் துணைநிற்கும் என்பது என் எண்ணம்.

சென்ற தை மாதத்துப் படம் மேசைமேல் இருக்கிறது. பறவைகள் இன்னமும் சிறியனவே. ஆனால் எண்ணலாம்: நாற்பத்தேழு. ஒன்றேனும் தலை நிமிர்த்தவில்லை.