டிராக் பந்தய காருக்கு ஏன் எஃகுக் கூடு?

கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, சில விநாடிகளில் கடக்கும் டிராக் பந்தய கார்களில் ஓட்டுநரின் கால்களுக்கு அருகிலேயே ஓர் ஆபத்து சுழல்கிறது: ஃபிளைவீலும் கிளட்சும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அவற்றை மூடியிருக்கும் மணி வடிவக் கூடுதான் பெல்ஹவுசிங்.

ஏன் எஃகுக்கு மாற்ற வேண்டும்?

35 செ.மீ. விட்டமுள்ள ஃபிளைவீல் நிமிடத்துக்கு 7,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 460 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. சுழற்சி இரு மடங்கானால், உலோகத்தைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு ஃபிளைவீலில் மயிரிழை விரிசல் இருந்தாலே சக்கரம் வெடித்துச் சிதறலாம். சாதாரண கார்களின் அலுமினிய வார்ப்புக் கூடு அந்தத் துண்டுகளைத் தடுக்காது. தானும் சேர்ந்து நொறுங்கும். எஃகோ வளைந்து, பிதுங்கி, அந்த ஆற்றலை உள்வாங்கும். அதனால்தான் அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., கிளட்ச் உள்ள வேகமான கார்களுக்கு எஸ்.எஃப்.ஐ. பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற கூட்டைக் கட்டாயமாக்கியுள்ளது.

எப்படிப் பொருத்துவது?

போல்ட்டை முடுக்கியதோடு வேலை முடியாது. கூட்டின் நடுத்துளை கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்தோடு ஒன்ற வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜ் என்ற நுண் அளவுமானியைப் பொருத்தி, அதன் முனை துளையின் உள்விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்புவார்கள். முள் காட்டும் மொத்த வித்தியாசத்தில் பாதிதான் மைய விலகல். அது 0.005 அங்குலத்தை (0.13 மி.மீ.) தாண்டினால், கூட்டின் இடத்தை நிர்ணயிக்கும் டவல் பின்களில் மையம் தள்ளியவற்றைப் போட்டுச் சரிசெய்வார்கள். விட்டுவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங் தேயும். கியர் மாற்றுவதும் சிரமமாகும்.

கூட்டை மாற்றியாயிற்று என்று பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலை விட்டுவைக்காதீர்கள். அதையும் சான்று பெற்ற எஃகுக்கு மாற்றுங்கள். ஒரு போல்ட்டைக்கூட விடாமல் முடுக்குங்கள்.