மணமும் மருந்தும் – 9: நீலகிரித் தைலம் மூக்கைத் திறக்கிறதா?

ஊட்டியில் யூகலிப்டஸ் இலையை வேகவைத்துத் தைலம் இறக்கும் விதத்தைச் சென்ற வாரமே பார்த்தாயிற்று, மறுபடி வேண்டாம். உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெயில் எத்தனை சொட்டு கலப்பது என்பதை இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் மூக்கை முடிக்காமல் தோலுக்குப் போக முடியாது. தைலம் உண்மையில் என்ன செய்கிறது என்பது மூக்கில்தான் கருவி வைத்து அளக்கப்பட்டிருக்கிறது. ஜலதோஷத்தில் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தால் அடைப்பு விட்டதுபோல் இருக்கும். விட்டுவிடுகிறதா? பிரிட்டனில் ரொனால்ட் எக்லெஸும் சக ஆய்வாளர்களும் 1983இல் இதைச் சோதித்தார்கள். நலமாக இருந்த 31 பேரைக் கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் ஆவிகளை ஐந்து நிமிடம் முகரச் செய்து, மூக்கு வழியே போகும் காற்றுக்கு எவ்வளவு தடை என்று அளந்தார்கள். தடை சீராகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பெரும்பாலோர் மூக்கு சில்லென்றிருக்கிறது, மூச்சு தாராளமாகப் போகிறது என்றார்கள்!

காரணம் இன்னும் அழகானது. மூச்சை இழுக்கும்போது காற்று மூக்கின் உட்சவ்வைக் குளிர்விக்கிறது. காற்று போகிறது என்று மூளை அறிவதில் அந்தக் குளிர்ச்சிக்குப் பெரிய பங்கு. குளிரை உணரும் நரம்புகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற புரதத்தை 2002இல் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் படபூட்டியன் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. மெந்தாலைப் போலவே நம் தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோலும் அதைத் தூண்டும் என்று ஜூலியஸ் குழு காட்டியது. குளிர் இல்லாமலே குளிர்ந்ததாக நரம்பு செய்தி அனுப்புகிறது. வெப்பம், தொடுகை இரண்டையும் உடல் உணரும் வழியைக் கண்டதற்காக 2021இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் தலைமுறைகளாக நம்பியது வீணா என்று கேட்கலாம். இல்லை. மூச்சு முட்டுகிற உணர்வால் தூக்கம் கெட்டவருக்கு அந்த உணர்வு தணிவதே நிவாரணம்தான். நோய் தீர்ந்தது என்று மட்டும் எண்ணக் கூடாது. ஜெர்மனியில் சினியோல் மாத்திரை சைனஸ் அழற்சிக்குப் பலன் தந்ததாக 2004இல் ஆய்வு வந்ததே என்பார்கள். அது அளந்து விழுங்கும் மருந்து. முகர்வதற்கு அதைச் சான்றாக்க முடியாது. புட்டியிலிருக்கும் தைலத்தை விழுங்கினாலோ விஷம். ஒரு தேக்கரண்டிகூடக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே, முகத்தில் தடவவும் கூடாது.

முதுகு, மூட்டு வலிக்குத் தேய்ப்பதிலும் இதே நியாயம்தான். சில்லென்ற உணர்வைத் தருவது தைலம். அழுத்திப் பிடித்துவிடுவதன் இதம் கையினுடையது. அதனால் சொட்டைக் கூட்டினால் சுகம் கூடாது, தோல்தான் எரியும். அந்தக் கணக்கு அடுத்த வாரம். அதுவரை நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலக்காமல் தைலத்தை நேராக உடம்பில் தேய்க்க வேண்டாம்.