உங்களுக்குத் தெரியுமா? வாங்கி வந்த கோழி ஏன் முட்டையிடவில்லை?

திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்று அரசுக் கோழிப்பண்ணை முதல் வீட்டுக் கொல்லை வரை கோழி வளர்ப்பு உண்டு. புதிதாக வாங்கிய கோழி முட்டையிடாததற்குக் காரணங்கள் இவை:

• பயணம், புதுக்கூடு, தீவன மாற்றம் தரும் அதிர்ச்சியில் நல்ல கோழிகூட 2, 3 வாரம் முட்டையிடாமல் இருக்கலாம்.

• பழைய கோழிகள் கொத்தி விரட்டினால், புதியதற்குத் தீவனமும் தண்ணீரும் சரியாகக் கிடைக்காது.

• விடைக்கோழி முட்டையிடத் தொடங்கப் பொதுவாக 5, 6 மாத வயதாகும்.

• இறகு உதிர்க்கும்போதும் அடையில் இருக்கும்போதும் முட்டை வராது.

• முட்டைக்கோழிக்குத் தினம் 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் நல்லது. இங்கே ஜூனிலும் பகல் 13 மணி நேரத்தை எட்டாது. விடியலுக்கு முன் ஒரு விளக்கு உதவும்.

தீவனத்தோடு கிளிஞ்சல் தூள் வையுங்கள். அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள்!