மணி நம் கழுத்தில்தான்!

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பார்கள். அது கோயில் யானைக்குச் சரி. கெடாவின் சிக், பாலிங் வட்டாரக் காட்டு யானைக்கு ஏது மணி? காட்டோரத்தில் மணி கட்டிக்கொண்டு நடப்பவர்கள் நாம்தான். நம் வாடையும் பேச்சும் மோட்டார்சைக்கிள் சத்தமும் நமக்கு முன்னே போய்விடுகின்றன.

வாசனையை உணரும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 400. ஆப்பிரிக்க யானைக்கோ ஏறத்தாழ 2,000. இதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு என்னை வியக்க வைத்தது. கென்யாவின் அம்போசெலியில் இரண்டு இனத்தவர் ஒரே வாக்கியத்தைத் தத்தம் மொழியில் பேசிய ஒலிப்பதிவை யானைகள் கேட்கும்படி ஒலிபரப்பினர். சில வேளைகளில் யானைகளை ஈட்டியால் தாக்கும் மாசாய் ஆண்களின் குரல் கேட்டதும் அவை ஒன்றுகூடிப் பின்வாங்கின. கம்பா இன ஆண்களின் குரலுக்கும், மாசாய் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அவ்வளவு அஞ்சவில்லை. ஆக, வருபவர் எப்படிப்பட்டவர் என்பதையும் யானை எடைபோடுகிறது.

நம்மைத் தவிர்க்க விலங்குகள் நேரத்தையும் மாற்றுகின்றன. 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் 'சயின்ஸ்' இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. இரவும் பகலும் சரிபாதியாக நடமாடும் விலங்கு, மனிதத் தொந்தரவு மிகுந்த இடத்தில் தன் நடமாட்டத்தில் 68 விழுக்காட்டை இரவில் வைத்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. பாலிங்கை அடுத்த கிரிக் வழியாகச் செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையிலும், ஜிபிஎஸ் பட்டை அணிந்த யானைகள் பெரும்பாலும் இரவில்தான் சாலையைக் கடந்தன.

தோட்டத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இங்கேதான். குளிர்ந்த வேளையில் பால் நன்றாக வடியும் என்பதால், மரம் சீவுவோர் விடியுமுன்பே நிரைக்குள் இறங்குகிறார்கள். நம்மைத் தவிர்க்க இருளைத் தேடிய விலங்கு அதே இருளில் எதிர்ப்படலாம். காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் வீசினால் நம் வாடை அதற்கு எட்டாது. மழை நம் காலடியோசையை மறைத்துவிடும். திடீரென்று நம்மைக் கண்டு மிரண்ட விலங்குதான் ஆபத்தானது. என் பாட்டி நிரைக்குள் நுழையும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போவார். பாதுகாப்பு வகுப்பு எதற்கும் போகாமல் தொழிலில் கற்ற பாடம் அது.

நகர்ப்புறக் குரங்குகளின் கதை வேறு. வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்துப் பழக்கியதால், நம் மணியோசை அவற்றுக்குச் சாப்பாட்டு மணியாகிவிட்டது. அச்சம் போனபின் பையைப் பறிக்கின்றன. புகார் வந்தால் உயிரிழப்பவை அந்தக் குரங்குகளே.

யானை தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தால், காதுகளை விரித்து அசையாமல் நின்றால், நம்மை அறிந்துகொண்டது என்று பொருள். படம் எடுக்க நெருங்காதீர்கள். விளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். அது விலகிச் செல்ல வழிவிட்டு, மெல்லப் பின்வாங்கி, பெர்ஹிலித்தானுக்குத் தகவல் கொடுங்கள்.