வெளியே வராத ரத்தம்தான் ஆபத்து

பிள்ளை கீழே விழுந்தால் ரத்தம் வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம்; வராவிட்டால் நிம்மதி. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தாமானானாலும் இதுதான் வழக்கம். ஹீமோஃபிலியா உள்ள பிள்ளையிடம் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அவனுக்குக் குறைவது ரத்தம் உறைய உதவும் எட்டாவது அல்லது ஒன்பதாவது உறைகாரணி. தட்டணுக்கள் ஒழுங்காக வேலை செய்வதால் சிறு கீறல் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் தலைக்குள்ளும் கசிவதே நோயின் உண்மையான கடுமை.

உறைகாரணி இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் கடுமையான வகை, 1 முதல் 5 வரை மிதமானது, 5 முதல் 40 வரை லேசானது. கடுமையான வகையில் அடிபடாமலே கசியும். தவழும் வயதில் நெஞ்சிலும் தொடையிலும் தடித்த கன்றல்கள், ஊசி போட்ட இடத்தில் பெரிய வீக்கம், விழுந்து அடிபட்ட வாயில் விட்டுவிட்டுக் கசிவு ஆகியவை முன்னறிகுறிகள். ஓடித் திரிந்த பிள்ளை காலை ஊன்ற மறுத்து, கணுக்காலோ முழங்காலோ சூடாக வீங்கியிருந்தால் மூட்டுக்குள் ரத்தம் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுளுக்கென்று எண்ணெய் போட்டு நீவினால் கசிவு கூடத்தான் செய்யும்.

“எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே” என்பார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாறே இருப்பதில்லை. மரபணு மாற்றம் புதிதாக நேர்கிறது. “லேசானதுதானே” என்பதும் அரைகுறை ஆறுதல். பல் பிடுங்கும்போதும் அறுவைச் சிகிச்சையிலும் தலையில் அடிபடும்போதும் லேசான வகையும் உயிருக்கு உலை வைக்கும். வழக்கமான உறைதல் சோதனையில் அது பிடிபடாமலும் போகலாம். காரணியின் அளவையே பார்க்க வேண்டும். எத்தனை முறை கசியும் என்பதை வகை சொல்லும். ஒரு கசிவு எவ்வளவு ஆபத்து என்பதைக் கசியும் இடம்தான் சொல்லும்.

குறையும் காரணியையே மருந்தாக ஏற்றுகிறார்கள். அதன் விலை அதிகம், கசிந்தபின் போட்டால் போதாதா என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடுமையான வகைச் சிறுவர்களில் முன்கூட்டியே தவறாமல் காரணி பெற்றவர்களில் 93 விழுக்காட்டினருக்கு ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டுகள் பழுதின்றி இருந்தன. கசிந்தபின் பெற்றவர்களில் அது 55 மட்டுமே. கெட்ட மூட்டைப் பிறகு எந்தப் பணத்தாலும் பழையபடி ஆக்க முடியாது. சந்தேகம் வந்தால் பரிசோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய ரத்த மையத்தில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவே உண்டு. நோய் உறுதியான பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் வாந்தியோ மயக்கமோ வரும்வரை காத்திராமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். ஸ்கேனுக்குக் காத்திராமல் காரணி ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.