பந்தயம் முக்கால் மணி நேரம், வியாபாரம் வருடம் முழுவதும்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேகமும் ஆபத்தும்தான். மணிக்கு 350 கிலோமீற்றரைத் தாண்டும் வேகத்தில் பாய்ந்து, வளைவுகளில் முழங்கை தரையில் உரசச் செல்லும் வீரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வியக்கிறோம். ஆனால் ஒரு வியாபாரியின் மனதில் வேறொரு கேள்வியும் எழ வேண்டும். இந்த மனிதருக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

பரிசுப் பணத்தில் இருந்து என்று நினைத்தால் அது தவறு. உலகின் முதன்மைத் தொடரான மோட்டோ ஜீபியில் வெல்பவருக்கு மேடையில் கிடைப்பது கிண்ணமும் 25 புள்ளிகளும்தான். வருமானத்தின் பெரும்பகுதி, பந்தயம் ஆரம்பிக்க முன்னரே எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் இருந்து வருகிறது.

நான்கு வழிகள்

முதலாவது, அணி கொடுக்கும் அடிப்படைச் சம்பளம். ஹொண்டா, யமஹா, டுகாட்டி போன்ற கம்பனிகளுக்குப் பந்தயம் ஒரு விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை வென்ற வண்டியின் பெயரைச் சொல்லித்தான் திங்கட்கிழமை கடையில் வண்டி விற்கிறார்கள். இரண்டாவது, வெற்றிக்கும் முதல் மூன்று இடங்களுக்கும் சம்பியன் பட்டத்துக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் போனஸ்.

மூன்றாவது, தனிப்பட்ட அனுசரணை. நாம் கடைச் சுவரை விளம்பரப் பலகைக்கு வாடகைக்குக் கொடுப்பது போல, வீரர் தமது தலைக்கவசத்தையும் தோல் உடையையும் வாடகைக்குக் கொடுக்கிறார். உடையில் எந்த இடம் அணிக்குரியது, எந்த இடம் வீரருக்குரியது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படுகிறது. நான்காவது, தமது பெயரிலேயே தொப்பி, டீ சேர்ட் முதலியவற்றை விற்பது.

இந்த நான்காவது வழியை முழு வியாபாரமாக மாற்றியவர் இத்தாலியின் வலென்டினோ ரொஸ்ஸி. ஒன்பது முறை உலக சம்பியனான இவர் தமது பெயரின் முதலெழுத்துகளையும் 46 என்ற பந்தய இலக்கத்தையும் சேர்த்து 'வீஆர் 46' என்ற கம்பனியை நிறுவினார். அது ரொஸ்ஸியின் பொருட்களோடு நிற்கவில்லை. அவரோடு களத்தில் மோதிய வேறு வீரர்களின் பொருட்களையும் தயாரித்து விற்றது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில், 42 ஆவது வயதில் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே அவரது சொந்த அணி மோட்டோ ஜீபி களத்தில் இறங்கியது. வண்டியில் இருந்து இறங்கிய பின்னரும் அவரது பெயர் உழைத்துக்கொண்டே இருக்கிறது.

அதே ரொஸ்ஸி கணக்கு விடயத்தில் பெரும் சிக்கலையும் சந்தித்தார். வரி தொடர்பான பிணக்கொன்றைத் தீர்த்துக்கொள்வதற்காக, 2008 இல் இத்தாலிய வரி அதிகாரிகளுக்குச் சுமார் 35 மில்லியன் யூரோ செலுத்த உடன்பட்டார். உழைப்பது ஒரு திறமை என்றால், உழைத்ததை ஒழுங்காகக் கணக்கில் காட்டுவது இன்னொரு திறமை.

ஒரே வாடிக்கையாளரை நம்பினால்

சுசுகி அணியின் ஜோன் மிர் 2020 இல் உலக சம்பியனானார். இரண்டு வருடங்கள்கூட ஆகவில்லை, 2022 மே மாதத்தில் சுசுகி களத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. 2026 வரை போட்டியிடுவதற்கு அந்தக் கம்பனி ஒப்பந்தம் செய்திருந்தது. அவ்வருடத்தின் கடைசிப் பந்தயத்தையே சுசுகி வண்டியில் அலெக்ஸ் ரின்ஸ் வென்றார். என்றாலும் அந்த வெற்றியால் முடிவு மாறவில்லை. வீரர்கள் இருவரும் வேறு இடம் தேடிப் போக நேர்ந்தது. ஒரே மொத்தக் கொள்வனவாளரை நம்பிச் சரக்கை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சம்பளமா, கருவியா?

ஸ்பெயினின் மார்க் மார்க்கெஸ் ஹொண்டாவுக்காக ஆறு முறை மோட்டோ ஜீபி பட்டம் வென்றவர். 2020 இல் நான்கு வருட ஒப்பந்தம் செய்த கையோடு, அவ்வருட ஜூலையில் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். நான்கு சத்திர சிகிச்சைகள் செய்ய வேண்டியிருந்தது. அவர் குணமடைந்து வந்தபோது ஹொண்டா வண்டி பின்தங்கிப் போயிருந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மீதமிருக்க, அந்தப் பெரும் சம்பளத்தை விட்டுவிட்டு, 2024 இல் முந்திய வருட டுகாட்டி வண்டியை ஓட்டும் சிறிய தனியார் அணியொன்றில் சேர்ந்தார். பலர் வியந்தனர். அவரோ நல்ல கருவி கையில் இருந்தால் சம்பளம் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டார். அவ்வருடம் மூன்று பந்தயங்களை வென்றார். 2025 இல் டுகாட்டியின் தலைமை அணிக்கு எடுக்கப்பட்டு மீண்டும் உலக சம்பியனானார். பட்டம் வென்ற அடுத்த வாரமே இந்தோனேசியாவில் விழுந்து தோளில் காயமடைந்து, அவ்வருடத்தின் மீதிப் பந்தயங்களை இழந்தார். இந்தத் தொழிலில் முதல் என்பது உடம்புதான். அது எந்த நிமிடத்திலும் முறியலாம்.

கீழ்ப்படியில் இருப்பவர்கள்

மேலே சொன்னவர்கள் ஒரு கைப்பிடி அளவினரே. கீழ்ப் பிரிவுகளில் சம்பளம் வாங்குவதற்குப் பதிலாக, அனுசரணையாளரைத் தேடிப் பிடித்து அணிக்குப் பணம் கொண்டுவந்து இடம் பெறுபவர்களும் உண்டு. பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் 1907 முதல் நடைபெறும் டீடீ பந்தயத்துக்கு வருபவர்களில் பலருக்கு வேறு தொழில் இருக்கிறது. அங்கு 23 முறை வென்ற ஜோன் மெக்கின்னஸ் ஒரு காலத்தில் கொத்து வேலை செய்தவர். கை மார்ட்டின் லொறி மெக்கானிக். அவர் அங்கே ஒரு முறைகூட முதலிடம் பெறவில்லை. ஆனால் தமது பேச்சாலும் கைத்தொழில் அறிவாலும் தொலைக்காட்சியில் பெயர் பெற்றார், புத்தகங்கள் எழுதினார். முதலிடம் பெற்ற பலரை விட அவரைத்தான் சனம் அறியும்.

வர்த்தக நண்பர்களே, நம்மில் எவரும் இந்த வயதில் பந்தய வண்டியில் ஏறப் போவதில்லை. ஆனாலும் அவர்களுடைய கணக்கு நம்முடைய கணக்கும்தான். வருமானம் எத்தனை வாசல்களால் வருகிறது? பெரிய வாடிக்கையாளர் நாளை கைவிட்டால் கடை எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கும்? நாம் நோயில் படுத்தால் நம் பெயர் மட்டும் வியாபாரம் செய்யுமா? இன்றிரவு கல்லாவைப் பூட்ட முன், இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் விடை எழுதிப் பாருங்கள்.